தம்பி சொல்றது எனக்குப் புரியும்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கறீங்களாம்மா? எனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கும். எங்க குடும்பத்துக்கே தொண்டைதான் சொத்து. அமைச்சரோட அக்கான்னு விசாரணைக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க. அவன் அமைச்சராகறதுக்கு முந்தி, பேச ஆரம்பிக்கறதுக்கே முந்தி, நான் அவனுக்கு அக்கா. அங்கிருந்து சொன்னாதான் சரியா வரும்.

தம்பிக்கு ஆறு வயசு வரைக்கும் பேச்சு வரல. என் கட்டைவிரலைப் பிடிச்சா பசி. சுண்டுவிரலைப் பிடிச்சு இழுத்தா எங்கயோ வலி. "உன் தொரை என்ன சொல்றாருடி?"ன்னு அம்மாவே என்னைத்தான் கேப்பாங்க. சில நாள் எனக்குப் பசிச்சாலும் அவனுக்குப் பசிக்குதுன்னு சொல்லிருக்கேன். சின்னப் புள்ளைதானே, விடுங்க.

அப்புறம் பேச்சு வந்துது பாருங்க, மடை திறந்த மாதிரி. காலேஜ் தேர்தல், நகரசபை, சட்டசபை, நீர்வளத்துறை. கைதட்டல் வாங்கின வரியெல்லாம் நான் எழுதினது. அவன் குளிச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணுவான், நான் கதவுக்கு வெளிய நின்னு திருத்துவேன். எங்க நிறுத்தணும், எங்க தண்ணி குடிக்கணும், எல்லாம் நாந்தான். கல்யாணம் பண்ணிக்க எனக்கு நேரமே கிடைக்கல. நாங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்தோம். பாருங்க, நாங்கன்னுதான் வாயில வருது.

அன்னைக்குக் கட்சித் தலைவர் வீட்டுக்கு வர்றதா இருந்துது. மந்திரிசபையை மாத்தற நேரம். தம்பிக்கு உடம்பு தளந்துடுச்சு, வேற ஆளைப் போடலாம்னு அவர் காதுல ஓதிக்கிட்டிருந்தாங்க. அவன் சம்சாரம் அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. காலையில ஷேவ் பண்ணும்போதே தம்பி சாஞ்சுட்டான். வலது பக்கம் விழுந்துடுச்சு, வாய் கோணிடுச்சு, பேச்சு இல்ல. பாதிக் கன்னத்துல நுரை அப்படியே இருந்துது. மீதியை நான் ஷேவ் பண்ணி முடிச்சேன்.

தம்பியோட செயலாளர் உங்ககிட்ட வந்து சொன்னதெல்லாம் நிஜந்தான். "அக்கா, இது பக்கவாதம். ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்"னார்.

"கூப்பிடுங்க. அது வாசல்ல வந்து நின்னா, அவனுக்கும் பதவி இருக்காது, உங்களுக்கும் வேலை இருக்காது. தலைவர் வந்துட்டுப் போகட்டும்"னேன்.

நல்ல மனுஷன். காரைக் கழுவிட்டாங்களான்னு பாக்கப் போயிட்டார்.

தம்பியை ரெண்டு தலகாணி வெச்சு உக்கார வெச்சேன். வலது கைமேல சால்வை. வாய்க் கோணல் தெரியாம மஃப்ளர். இடது கையை நான் பிடிச்சுக்கிட்டேன். காலையில வர்றேன்னவர் சாயங்காலந்தான் வந்தார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

தொண்டை புண்ணு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார்னேன்.

"என்னய்யா, மைக்கையே கடிச்சுத் துப்பற ஆளு! இப்ப அக்கா வாயை வாடகைக்கு எடுத்துட்டியா?"ன்னார்.

"வாடகையெல்லாம் இல்லைங்க, சொந்த வாய்தான்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

"சரிம்மா, துறையை வேற ஆளுக்கு மாத்தலாமா, வேணாமா? என்ன சொல்றான்?"

தம்பி என் விரலைப் பிடிச்சான்.

"அணை வேலை பாதியில நிக்குதாம். முடிக்காம விட மாட்டானாம்"னேன்.

"விரலைப் பிடிச்சதுக்கே இவ்வளவு அர்த்தமா?"

"பிறந்ததுலேர்ந்து அவன் சொல்றது எனக்கு மட்டுந்தாங்க புரியும்."

தலைவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவனே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனார். அவர் கார் தெருமுனை திரும்பினதும் ஆம்புலன்ஸுக்கு நானே போன் பண்ணேன். அதையும் எழுதிக்கோங்க. காலையிலயே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க.

மறுநாள் செத்தான். ஆனா அமைச்சராவே செத்தான், அரசு மரியாதையோட. இரங்கல் உரையும் நாந்தான் எழுதிக் கொடுத்தேன். தலைவர் நல்லாத்தான் படிச்சார், நிறுத்த வேண்டிய இடத்துலதான் நிறுத்தல. அவன் தொகுதிக்கு இப்ப என்னை நிக்கச் சொல்றாங்க. யோசிச்சுச் சொல்றேன்னிருக்கேன்.

நீங்க கேட்டது இது இல்ல, தெரியுது. எந்த விரல்னு கேட்டீங்க.

சுண்டுவிரல். தலைவர் உக்காந்திருந்த நேரம் பூரா இழுத்துக்கிட்டே இருந்தான். காலையில மீதிக் கன்னத்தை நான் ஷேவ் பண்ணும்போதே இழுத்தான். அவன் சொல்றது எனக்குப் புரியும்னு தலைவர்கிட்ட சொன்னேனே, அந்த ஒண்ணு மட்டும் பொய்யில்லம்மா. நல்லாவே புரிஞ்சுது.

அன்னைக்கும் பசி எனக்குத்தான்.