வவ்வால் வந்த வழி

— கையை எடுங்க மாமா. சாந்து காயறதுக்குள்ள இந்தச் சுவரை இடிச்சாகணும்.

— இடிக்கறதா? நேத்து சாயங்காலம்தான் பூசி முடிச்சோம். முதல்ல அந்தக் கடப்பாரையைக் கீழ வை. கால்ல போட்டுக்கப் போற.

— உள்ள குட்டிங்க இருக்கு.

— என்ன குட்டி?

— வவ்வால் குட்டி. குட்டி போடுற மாசம் மாமா இது. லீவுல போறதுக்கு முன்னாடி தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல? பழைய சுரங்க வாயில கம்பிக் கதவு மட்டும் போடுங்க, வவ்வால் போய் வரட்டும்னு. திரும்பி வந்து பாத்தா சுவர் நிக்குது.

— அட போம்மா. கம்பெனி உன்னை வெச்சிருக்கறது வவ்வாலைப் பாத்துக்க. என்னை வெச்சிருக்கறது காத்தைப் பாத்துக்க. கீழ புதுப் பகுதியில நிலக்கரி வெட்டறவங்களுக்குக் காத்து பத்தல. ஃபேன் இழுக்கறதுல பாதி இந்த ஓட்டை வழியா வீணாப் போகுது. ஓட்டை ஸ்ட்ரால ஜூஸ் ஏறுமா? மேனேஜர் தினம் என் தலையைப் போட்டு உருட்டறாரு.

— அதுக்கு உள்பக்கத்து வழியை அடைச்சாப் போதுமே.

— அதையும் அடைச்சாச்சு. உள்ளயும் சுவர், வெளியயும் சுவர். இனிமே பழைய சுரங்கம் தனி, புதுச் சுரங்கம் தனி. காலையில கீழ போய் மீட்டர் வெச்சுப் பாத்தேன். ஜம்முனு வீசுது. காத்து பொய் சொல்லாதும்மா.

— நீங்க சொல்வீங்க போல இருக்கே. உள்ள இருந்ததுங்க எங்க?

— வெளிய அனுப்பிட்டுத்தான் கட்டினேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரியே, வாயில தார்ப்பாயைத் தொங்கவிட்டு, அடியில மட்டும் கொஞ்சம் இடைவெளி. வெளிய வரலாம், திரும்ப உள்ள போக முடியாது. முதல் நாள் சாயங்காலம் மொத்தமாக் கிளம்புச்சு பாரு, கண்கொள்ளாக் காட்சி. அப்புறம் நாளுக்கு நாள் குறைஞ்சுது. கடைசி சாயங்காலம் நானே குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன். ஒண்ணுகூட வரல. அப்ப காலின்னுதானே அர்த்தம்?

— குடையா?

— பின்ன? கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே மழை.

— அந்த மழையில வவ்வால் எப்படி மாமா வெளிய வரும்?

— மழை விட்டதும் போயிருக்கும்.

— விட்டதும் நீங்க கல்லு அடுக்க ஆரம்பிச்சுட்டீங்க. தார்ப்பாய் பாடத்துல முதல் வரி என்ன சொன்னேன்? குட்டி இருக்கற மாசத்துல தொங்கவிடவே கூடாதுன்னு. முதல்ல வெளிய போன தாய்ங்க திரும்ப உள்ள வர முடியல. மிச்சம் இருக்கற தாய்ங்க வெளிய வர முடியல. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு காலின்னு சொன்னா காலி ஆயிடுமா? எனக்கு வயிறு எரியுது மாமா.

— எனக்கு மட்டும் சந்தோஷமா? கீழ வேலை செய்யறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். மழை மூட்டம் போட்டா இந்தப் பழைய சுரங்கம் பெருமூச்சு விடும், தெரியுமா? உள்ள தேங்கிக் கிடக்கற கெட்ட காத்து, எரிவாயு, எல்லாம் கிளம்பி வரும். அது அவங்க பக்கம் போயிடக் கூடாதுன்னுதான் உள்சுவரு.

— சரி. இவ்வளவு நாளா அந்தப் பெருமூச்சு எங்க போச்சு?

— இதோ, இந்த வாய் வழியா வெளிய.

— இப்ப?

— இப்ப சுவருக்குள்ள இருக்கும். எங்க போயிடும்? ஐயோ, இந்தப் போன் ஒண்ணு. உங்க அக்காதான்.

— எடுங்களேன்.

— எடுத்தா அரைமணி நேரம் அர்ச்சனை. காலையில ஒரு தடவை எடுத்தேன், அப்புறம் விடாம அடிக்கறா. அடுப்படியில வவ்வால் புகுந்துடுச்சாம். "உங்க மச்சினிதான் ஏவி விட்டிருப்பா"ன்னு.

— வவ்வாலா? பட்டப்பகல்லயா?

— வரிசையா ஒட்டிக் கட்டின நம்ம லைன் வீட்டுக்குப் பின்னாடி பழ மரம் இருக்குல்ல, அதுல தொங்கறதா இருக்கும். உடனே மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத. அந்த வீட்டுக்கு அடியில சுரங்கமே கிடையாது. வரைபடத்துல நானே பாத்திருக்கேன்.

— வவ்வாலுக்குப் படம் பாக்கத் தெரியாது மாமா. எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஏங்க! ஒரு வழியா எடுத்தீங்களே. நான் சொன்னா இந்த வீட்ல யாரு கேக்கறா?

— அக்கா, நான்தான். மாமா பக்கத்துல நிக்கறாரு.

— ஏண்டி, ஊர்லேர்ந்து வந்தவ அக்கா வீட்டுக்கு வரணும்னு தோணல, நேரா வவ்வாலைப் பாக்கப் போயிட்டியா? அலைய வேண்டாம், எல்லாம் இங்கதான் இருக்கு. வந்து வாரிக்கிட்டுப் போ.

— எவ்வளவு பெரிசுக்கா?

— எங்க பெரிசு? கட்டைவிரல் அளவு இருக்கு. மூக்கு மேல இலை ஒட்டின மாதிரி. சீ, பாக்கவே ஒரு மாதிரி வருது.

— மாமா, பழந்தின்னி இல்ல. இது நம்ம சுரங்கத்து வவ்வால்.

— ஜன்னல் வழியா வந்திருக்கும். கேளு.

— ஜன்னலா? மழைச் சாரல் அடிக்குதுன்னு காலையிலேர்ந்து எல்லாத்தையும் சாத்தி வெச்சிருக்கேன். கொசுவலை வேற அடிச்சிருக்கு. கொசுவே வராது, இது எப்படி வரும்?

— அப்ப எந்த வழியாக்கா வருது?

— அடுப்பு மேடைக்குப் பின்னால ஒரு விரிசல் இருக்குன்னு எத்தனை நாளாச் சொல்றேன்! கட்டடம்னா விரிசல் இருக்கும், மனுஷன்னா நரை இருக்கும்னு வசனம் பேசிட்டு, பழைய பேப்பரைச் சுருட்டி அடைச்சுட்டுப் போனாரு உங்க மாமா. அந்தப் பேப்பர் வெளிய விழுந்து கிடக்கு. அந்த ஓட்டையிலேர்ந்து ஒவ்வொண்ணா நெளிஞ்சு நெளிஞ்சு வருது. ஒண்ணு வயித்துல குட்டியை ஒட்டிக்கிட்டு வந்துச்சுடி. அதைப் பாத்ததும் விளக்குமாத்தை ஓங்கின கை அப்படியே நின்னுடுச்சு.

— குட்டியோடயா? உயிரோட இருக்கா?

— இருக்கு, ஆனா பறக்கல. தரையில கிடந்து கிறங்குது. எனக்குமே காலையிலேர்ந்து தலை கிண்ணுன்னு வலிக்குது. பாப்பா என்னடான்னா தூங்கறா, தூங்கறா, அப்படித் தூங்கறா. சாப்பிடக்கூட எழுந்திருக்கல.

— மாமா.

— இரு, பேசாத.

— வவ்வால் வர்ற வழின்னா அது காத்து வர்ற வழி.

— பேசாதன்னு சொல்றேன்ல! ஏய், இங்க பாரு, நான் பேசறேன். வீட்டுக்குள்ள ஏதாவது வாசனை வருதா?

— சிலிண்டர் வாசனையா? அதெல்லாம் இல்லங்க. நல்லா மூடித்தான் இருக்கு. தலைவலிக்கு ஒரு டீ குடிச்சாச் சரியாயிடும். இருங்க, பாலை வெச்சுட்டு வந்து பேசறேன். தீப்பெட்டியை எங்க...

— அடுப்பைத் தொடாத!

— என்னங்க?

— தொடாத. தீப்பெட்டியை இருந்த இடத்துலயே வை. லைட்டு சுவிட்சு, ஃபேன் சுவிட்சு, எதையும் தொடாத. போனைக் கட் பண்ணாத. பாப்பாவைத் தூக்கு. நட.

— ஏங்க இப்படிக் கத்தறீங்க? பயமா இருக்கு.

— பயப்படு. நல்லா பயப்படு, ஆனா நட. கதவைத் திறந்து போட்டுட்டு நேரா ரோட்டுக்குப் போ.

— செருப்பு...

— செருப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!

— மாமா, இந்த வாயைத் திறந்துடலாம், அந்தக் காத்து இங்கேயே வெளிய வரட்டும். இதோ கடப்பாரை. நான் இந்தப் பக்கம் குத்தறேன்.

— அதைத் தூக்கிப் போடு. இரும்பு கல்லுல பட்டாப் பொறி பறக்கும். உள்ள என்ன நிறைஞ்சிருக்கோ. கையால பிடுங்கு. ஈரமாத்தானே இருக்கு, வரும். மேல் வரிசையிலேர்ந்து எடு.

— வருது, வருது. அந்தக் கல்லைப் பிடிங்க. அக்கா, லைன்ல இருக்கியா?

— கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாப் போச்சே. பொண்டாட்டி புள்ளைக்கே குழி வெட்டியிருக்கேன் பாரு. இந்த வாயை மூடினா அது எந்த வாயைத் திறக்கும்னு யோசிச்சேனா?

— அப்புறமா அழுங்க மாமா. அந்த மூலையை இழுங்க.

— ஏங்க, ரோட்டுக்கு வந்துட்டேன். பாப்பா கண்ணு முழிச்சுட்டா. உங்களைக் கேக்கறா.

— கேக்கறாளா? அப்பா வர்றேன்னு சொல்லு. அப்பா இப்ப வந்துடறேன்னு சொல்லு.

— மாமா, உங்க விரல்ல ரத்தம்.

— இருக்கட்டும். ஏய், அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. ஒரு பொறி போதும். நம்ம வீட்டுக்குள்ள யாரையும் விடாத. நம்ம வீடு மட்டும்தானே? பக்கத்துல கேட்டியா?

— மழையில எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்காங்க. ஏங்க... இப்ப போன் அடிக்கறதுக்கு முன்னாடிதான் கேட்டேன். வரிசையில எல்லா அடுப்படியிலயும் வவ்வால் வந்துச்சாம். விளக்குமாத்தால அடிச்சு வெளிய தள்ளிட்டு, இப்பத்தான் டீ வைக்க உள்ள போனாங்க.