நாகையாவுக்கு ‘அவுட்’ அடித்தவன்

சற்று நெருங்கி உட்காருங்கள். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். முகுந்தன்... என் நண்பர் சபாபதியின் மைத்துனன். ஆலைகளில் வருகை பதியும் கைரேகை மெஷின்களைப் பழுதுபார்ப்பவன்.

மாலை ஏழரை. மலேசியாவில், காப்பாருக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றைச் சாலை. அதன் முடிவில் ஒரு ரப்பர் ஆலை... பூட்டிக் கிடந்தது. அங்கே அமிலத் தொட்டியில் விழுந்து நாகையா என்ற தொழிலாளி இறந்து ஒரு மாதம். வேலை முடிந்து போனவர், குடித்துவிட்டுத் திரும்பி வந்து விழுந்தார் என்றது கம்பெனி. வேலையில்தான் இருந்தார் என்பதற்கு, ஆலையின் கைரேகை மெஷினில் அவர் வெளியேறிய பதிவு இல்லாதது ஒன்றே சாட்சி. விசாரணை முடியும்வரை அந்த மெஷினை யாரும் தொடக்கூடாது என்று அவர் மனைவி புஷ்பவல்லி மனு கொடுத்திருந்தாள்.

முகுந்தனை வரவழைத்திருந்த மேனேஜர் ராதாகிருஷ்ணன் உள்ளே அலுவலகத்தில் கோழி கடித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய்.

“நாகையா அன்னிக்கு வேலை முடிஞ்சு போறப்ப ‘அவுட்’ அடிக்க மறந்துட்டான் லா. அவன் பேர்ல உன் விரலைப் பதிஞ்சுக்க. மெஷின் நேரத்தை அவன் விழுந்ததுக்கு முன்னாடி தள்ளு. நீயே அடிச்சு விட்டுரு.”

“அண்ணே, கேஸ்ல இருக்குற மெஷின்...”

“அவன் வந்து, நான் அடிக்கலன்னு சொல்லப்போறானா? வெரலே கரைஞ்சு போச்சு லா!”

சிரித்தார். எலும்புத் துணுக்கு ஒன்று மேசையில் தெறித்தது.

முகுந்தன் மறுக்கவில்லை; மெஷின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினான். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கசக்கிறது.

மெஷின் கண்ணாடியில் பழுப்பாக ஓர் ஏடு... பாலில் படிவது போல. துடைத்தான். அழுகல் நாற்றம். மறுபடி படிந்தது. அதன் மேலேயே கட்டைவிரலை வைத்தான்.

கண்ணாடி... மெத்தென்று இருந்தது. உள்ளிருந்து இன்னொரு விரல் அவன் விரலை அழுத்தியது.

“தேங்க் யூ” என்றது மெஷினின் பெண்குரல்.

வெடுக்கென்று இழுத்தான். நுனித்தோல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. யாரும் தொடவில்லை... மறுபடியும், “தேங்க் யூ.”

விசாரணையில் புஷ்பவல்லி தோற்றாள். கம்பெனி கொடுத்த பதிவில் எல்லாம் சரியாக இருந்தது, நாகையாவின் ‘அவுட்’ உட்பட.

போன வாரம் முகுந்தன் பெட்டாலிங் ஜெயாவில் ஐசி என்கிற அடையாள அட்டையை மாற்றப் போனான். கவுண்டர்ப் பெண் விரலை வைக்கச் சொன்னாள். திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“அண்ணே... இது நாகையான்னு ஒருத்தரோட ரேகை. இறந்துட்டாருன்னு காட்டுது.”

வேறு விரலை வைக்கச் சொன்னாள். அடுத்தது. அதற்கும் அடுத்தது...

பத்தும் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

பத்தும் நாகையா.