பிடி திரும்பிய கோப்பை

மாலை ஏழு மணி. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகும் தோட்டத்துச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஒரு பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் வருகிறாள்... முதுகில் கேமரா பை. எதிரே பழக்குலை ஏற்றிய லோரி. மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒருவருக்கு பிரேக் சத்தம் கேட்கவில்லையாம். ஹெல்மெட் தார்மேல் உருண்டு போன சத்தம் மட்டும்தான். டொக்... டொக்... அப்புறம் கால்வாயில் ஒரு 'ப்ளக்'.

இந்த இடத்தில் சத்தியசீலன் நிறுத்தி, தேநீரை எடுத்து உறிஞ்சினான். அவனுக்கு அது ஒரு கெட்ட பழக்கம். கேட்கிறவர்களுக்குத் தொண்டை வறளும்போதுதான் இவனுக்குத் தாகம் எடுக்கும்.

மறுநாள் தனேஷுக்குக் கல்யாணம். கோல சிலாங்கூரில் அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் அதற்கடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன்புதான் மாப்பிள்ளையின் தங்கை உஷாராணி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போது சுங்கை சோவிலிருந்து வந்திருந்த குமரவேல், "தங்கச்சி, ஒரு படம்!" என்று கைப்பேசியைத் தூக்கினான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"ஏன்டா இந்தப் பொண்ணு போனைக் கண்டாலே பேயைக் கண்ட மாதிரி ஓடுது?" என்று அவன் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கதை.

"தனேஷ் என்கிட்ட மட்டும் சொன்னது. எவனாச்சும் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்க... பல்லைத் தட்டிடுவேன்," என்றான் சத்தியசீலன். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

லோரியில் அடிபட்டவள் அன்பரசி. உஷாவின் சித்தப்பா மகள். ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. படமும் வீடியோவும் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. வீட்டில் கிடக்கும் பொருளை வைத்து ஏதாவது புதிதாகச் செய்துவரச் சொல்வார்கள். உஷா நாள் முழுக்க முட்டி போட்டு, வியர்த்து வழிந்து, ஒரு கரண்டியை எடுப்பாள். அது கரண்டியாகவே இருக்கும். அன்பரசியோ துணி மாட்டும் கிளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுவாள். கிளிப்புகள் தாமாகவே வரிசை கட்டி நடந்து போகும். வகுப்பே கைதட்டும்.

உஷாவுக்கு வயிறு எரியும். சும்மா இல்லை, பற்றிக்கொண்டு எரியும். அன்பரசி நொட்டாங்கைக்காரி என்பதுகூட இவளுக்குப் பொறாமை. இடது கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "நீ ரொம்ப யோசிக்கிற உஷா, அதான் வரல," என்பாள் அன்பரசி. அந்தச் சிரிப்பை அப்படியே பிடுங்கி எறிய வேண்டும் போல இருக்கும் இவளுக்கு.

அந்த வருடம் கோலாலம்பூர் விளம்பரக் கம்பெனி ஒன்று அந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. உஷாவுக்கு வேறு கனவே கிடையாது. அன்பரசி செத்த செய்தி வந்தபோது அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். ஆனால் கண்ணீரோடு கண்ணீராக, இனி அந்த இடம் எனக்குத்தான் என்றும் ஓடியது மனசுக்குள். அதுவும் நிலைக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்த நிருபா மிஸ் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாதிரி கண்ணு இனி என் வகுப்புக்கு வராது," என்று சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் படையல். நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தான். செத்தவருக்குப் பிடித்ததையும், அவர் புழங்கிய பொருளையும் படத்துக்கு முன்னால் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. எட்டிப் பார்க்கக் கூடாது. புஷ்பவள்ளி சித்தி மகளுக்கு இலையில் மீ கோரேங் வைத்தார். குடிக்க, அவளுடைய கோப்பையில் மைலோ. சீப்பு, கைக்கடிகாரம்... அந்தத் துணி கிளிப்புகள்.

கடைசியாக வெளியே வந்தவள் உஷா. வருவதற்கு முன் பூக்கூடைக்குப் பின்னால் தன் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டாள். தானாகவே அடுத்தடுத்துப் படம் எடுக்கும்படி. செத்தவளுக்காகக் காத்திருக்கும் பொருள்கள்... இப்படி ஒரு படத்தை எவள் எடுப்பாள்? இதை யார் மிஞ்சுவார்கள்? அவ்வளவுதான் அவள் யோசித்தது.

கதவைத் திறந்ததும் சித்தி கோப்பையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பிடிய வலது பக்கமா வச்சேன். பாரு, இடது பக்கம் திரும்பியிருக்கு. எம்புள்ள வந்துட்டுப் போயிட்டா!"

எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். உஷா பூக்கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து படங்களைச் சேர்த்து ஓடவிட்டாள்... கிளிப்புகள் நகர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இலையைச் சுற்றி வந்தன. சீப்பு ஒதுங்கி வழிவிட்டது. கோப்பை மெதுவாக, மிக மெதுவாக, பிடியைத் திருப்பியது. பிறகு எல்லாம் பழைய இடத்துக்குப் போய் அடங்கின, கோப்பையைத் தவிர.

உஷா மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே அழித்திருப்பார்கள். இவள் அதைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்தாள்!

யாரும் பயப்படவில்லை. பயப்பட என்ன இருக்கிறது? அந்த வகுப்பில் பொருள்கள் நகர்வதுதானே பாடம். நிருபா மிஸ் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நூல் தெரியல, கை நிழல்கூட விழல. எப்படி உஷா செஞ்ச?"

"பொறுமையா நகர்த்தி நகர்த்தி எடுத்தேன் மிஸ்."

"சூப்பர் லா. அப்படியே அன்பரசி கை!"

செத்தும் அவள்தானா? உஷாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கம்பெனிக்கு இன்னொரு வீடியோ கொடுக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். இந்த முறை உஷாவுடைய சொந்தப் பொருள்களை வைத்து. சரி, அப்படியே ஆகட்டும்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தன் அறையில் இலை விரித்தாள். தன் சீப்பு, தன் செருப்பு, தன் கோப்பை. வளை கொஞ்சம். கோப்பையில் சுடச்சுட மைலோ ஊற்றினாள். கைப்பேசியை நிறுத்தி வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் வாயை வைத்துச் சொன்னாள்:

"வா. ஒன்னே ஒன்னு செஞ்சிக் குடு. இது என் பேருக்கு. அதுக்கப்புறம் உன் எடம் எனக்கு."

படையலில் யார் பொருள் இருக்கிறதோ அவரைத்தான் நாம் செத்தவராக வைத்துக் கூப்பிடுகிறோம். உயிரோடு இருக்கும்போதே தன் பொருளைத் தானே பரப்பிக் கதவைச் சாத்தியவள், எனக்குத் தெரிந்து, இவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே... சர்ர்ர்... செருப்பு தரையில் இழுபடும் சத்தம். வளைகள் கிலுங்கின. ணங். கோப்பை. கதவிடுக்கில் மைலோ வாசனை வந்தது. அதோடு சேர்ந்து, மழைக்குப் பிறகு தாரிலிருந்து கிளம்பும் வாசனை.

சத்தம் நின்றதும் கதவைத் திறந்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நேரே போய், குனிந்து, வலது கையை நீட்டிக் கைப்பேசியை எடுத்தாள்.

ஓடவிட்டாள். செருப்பு நடந்தது. வளைகள் உருண்டு வந்து கோப்பையைச் சுற்றி நின்றன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கண்ணில் நீர் வந்தது அவளுக்கு. கிடைத்துவிட்டது, என் பேருக்குக் கிடைத்துவிட்டது... அப்போது படத்தில் கதவு திறந்தது. அவள் திறந்த அதே கதவு. அவள் போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையோடு ஒருத்தி உள்ளே வந்தாள். நேரே வந்து குனிந்தாள். இடது கையை நீட்டினாள்.

தெத்துப்பல் தெரியச் சிரித்தாள்.

உஷா உடனே தன்னைத்தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். இன்னொன்று. இன்னொன்று... எல்லாவற்றிலும் அதே தெத்துப்பல் சிரிப்பு. அன்றோடு படிப்பு முடிந்தது. கம்பெனி வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டது. படம் எடுப்பார்களே என்று ஐசி அடையாள அட்டையைப் புதுப்பிக்கக்கூட அவள் இன்னும் போகவில்லை. நாளைக்கு அண்ணன் கல்யாணம், படக்காரன் வருவான் என்று ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

சத்தியசீலன் மறுபடி கோப்பையை எடுத்தான். காலியாக இருந்தது.

"போடா டேய், நல்லா அளக்குற!" என்று யாரோ சிரித்தார்கள். குமரவேல் சிரிக்கவில்லை. அவன் கைப்பேசியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடுறதுக்கு முன்னாடி ஒன்னு எடுத்துட்டேன்டா," என்றான். "டீ குடுக்கறப்ப. அதுக்குத் தெரியாம."

யாரும் வெங்காயத்தில் கை வைக்கவில்லை.

"அந்தத் தங்கச்சி எனக்கு வலது கையாலதானே டீ குடுத்துச்சி?" கைப்பேசியை எல்லார் பக்கமும் திருப்பினான். "இது யாருடா?"