முகம் மட்டும் போதும்

அண்ணி: மறுபடியும் சிவப்பு!

கொழுந்தன்: எது அண்ணி?

அண்ணி: கண்ணு தெரியலையா? நாற்பத்திரண்டு கிளிப்பும் செக்கச் செவேல்னு நிக்குது. ஃபைல் இல்லையாம்.

கொழுந்தன்: இந்த வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரே இப்படித்தான். மூடிட்டுத் திறங்க.

அண்ணி: மூணு தடவை மூடித் திறந்தாச்சு. இன்னொரு தடவை மூடினா அது என்னை மூடிடும்.

கொழுந்தன்: அப்ப கம்ப்யூட்டரையே ஒரு தடவை...

அண்ணி: அதுவும் ஆச்சு. தம்பி, உண்மையைச் சொல்லு. ஃபோல்டர் பேரை மாத்தினியா?

கொழுந்தன்: நானா?

அண்ணி: இல்ல, எதிர்வீட்டுக்காரர்.

கொழுந்தன்: "அம்மா ஓட்டம்"னு இருந்துச்சு. "அம்மா ஓட்டம் ஒழுங்கா"ன்னு... லேசா...

அண்ணி: லேசாவா! வீட்டு நம்பரை மாத்திட்டு போஸ்ட்மேனைத் திட்டறியே! அது பாவம், பழைய பேர்லயே தேடிக்கிட்டு நிக்குது. இரு, புது இடத்தைக் காட்டறேன்... இதோ... வருது, வருது...

கொழுந்தன்: வந்துடுச்சா?

அண்ணி: நாற்பத்தொண்ணு வந்துடுச்சு.

கொழுந்தன்: பார்த்தீங்களா! நான் அப்பவே...

அண்ணி: கடைசி ஒண்ணு வரல. அத்தை ஓடி முடிச்சுக் கோட்டைத் தாண்டற இடம்.

கொழுந்தன்: ஓ... அதுவா...

மாமியார்: ஏம்மா, முடிஞ்சுதா? என் அக்கா நாலு மணிக்கு வந்துடுவா!

அண்ணி: ஹால்ல இருந்து கத்தாதீங்க அத்தை! முடிஞ்சுட்டே இருக்கு!

மாமியார்: "அறுபத்தோரு வயசுல உனக்கெதுக்குடி ஓட்டப்பந்தயம், பாதியில உக்காந்துடுவே"ன்னு சொன்னவ! அஞ்சு கிலோமீட்டரும் ஓடி முடிச்சதை அவ கண்ணால பார்க்கணும். அப்புறம்... முகத்தை மட்டும் போடும்மா. முகம் மட்டும் போதும்.

அண்ணி: சரிங்க அத்தை.

மாமியார்: காலெல்லாம் காட்டாதே.

அண்ணி: ஓடறதே காலுதானே அத்தை?

மாமியார்: பார்க்க நல்லாருக்காது. சொன்னாக் கேளேன்!

கொழுந்தன்: எடுக்கும்போதே முகத்தை மட்டும்தான் எடுக்க விட்டாங்க. இப்ப காலையிலிருந்து அஞ்சாவது தடவை சொல்றாங்க...

அண்ணி: விடு, வெக்கம். இந்த வீட்டுல வெச்சது வெச்ச இடத்துல இருக்காதா? போன வாரம் என் ஷூ, இந்த வாரம் உன் கிளிப்.

கொழுந்தன்: ஷூவைத்தான் பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு அம்மா சொன்னாங்களே.

அண்ணி: ஆசை ஆசையா வாங்கினேன்டா. ஆரஞ்சு ஷூ, பச்சை லேஸ். ஒருநாள்கூடப் போடல. அந்த வீட்டுக்காரங்ககிட்ட போய்ச் சண்டை போட்டேன்... இப்ப என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நாயும் திருப்பிக்குது!

கொழுந்தன்: ஹஹ்ஹா!

அண்ணி: சிரிக்காதே. மணி ரெண்டே முக்கால். கிளிப் எங்க?

கொழுந்தன்: சாஃப்ட்வேர் சேர்த்து வெக்கிற தற்காலிக ஃபைல், அந்த கேஷ் நிறைஞ்சிருக்கும் அண்ணி. அதைத் துடைச்சுட்டா...

அண்ணி: நேத்தே துடைச்சேன். டிஸ்க்குல மூச்சு விட இடமில்ல, படம் நின்னு நின்னு வந்துச்சு. கேஷைத் துடைச்சேன், அதோட கூடவே... ஒண்ணுமில்ல.

கொழுந்தன்: கூடவே என்ன?

அண்ணி: ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல.

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: சரி, சொல்லித் தொலைக்கறேன். "வேண்டாதது"ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. வேண்டாததுன்னு நீதானே எழுதியிருந்தே? அதையும் சேர்த்து அழிச்சுட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், கடைசி கிளிப் அதுக்குள்ளதான் இருந்திருக்கு. நேத்துல இருந்து எனக்குச் சாப்பாடே இறங்கலடா...

கொழுந்தன்: அழிச்சது நீங்களா?!

அண்ணி: மெதுவா!

கொழுந்தன்: நீங்களேவா! ஐயோ, என் தங்க அண்ணி! என் வைர அண்ணி!

அண்ணி: ஏன்டா குதிக்கறே? உங்கம்மா ஓடினதை அழிச்சுட்டேன்னு சொல்றேன், லாட்டரி விழுந்த மாதிரி...

கொழுந்தன்: இல்ல, வருத்தமா இருக்கு. ரொம்ப வருத்தம்.

அண்ணி: வருத்தத்துல முப்பத்திரண்டு பல்லும் தெரியுது. உன் பாக்கெட்டுல இருந்து என்ன கீழ விழுந்துச்சு?

கொழுந்தன்: சட்டை பட்டன்.

அண்ணி: பட்டன்ல அறுபத்துநாலு ஜிபின்னு போட்டிருக்கு?

கொழுந்தன்: குடுங்க அண்ணி, குடுங்க!

அண்ணி: இது கேமரா கார்டு! ஃப்ரெண்டு வாங்கிட்டுப் போயிட்டான்னு சொன்னே!

கொழுந்தன்: திருப்பிக் குடுத்துட்டான்... அண்ணி, சொருகாதீங்க! வைரஸ் இருக்கும்!

அண்ணி: கையை எடுடா. இதோ இருக்கு! கடைசி கிளிப், நாலு நிமிஷம்! அப்பாடா, தப்பிச்சேன்! ஓட விடறேன்... தம்பி, இது என்ன?

கொழுந்தன்: புல்லு.

அண்ணி: அப்புறம் இது?

கொழுந்தன்: என் செருப்பு.

அண்ணி: இது?

கொழுந்தன்: ...இன்னொரு செருப்பு.

அண்ணி: அத்தை எங்கடா!

கொழுந்தன்: அடிக்கக் கூடாது, சொல்றேன். அம்மா வளைவுல திரும்பினாங்க. தனியா, தலை கலைஞ்சு, மூச்சு வாங்கிட்டு... ஆனா நிக்கல. எனக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணி. ரெண்டு கையும் தூக்கிக் கத்த ஆரம்பிச்சுட்டேன்.

அண்ணி: கேமரா?

கொழுந்தன்: கழுத்துல தொங்குச்சு.

அண்ணி: நூறு கல்யாணம் வீடியோ எடுத்தவன்! ஒரு தடவைகூடக் கை ஆடாதவன்!

கொழுந்தன்: அதெல்லாம் அடுத்தவங்க அம்மா. அதான்... கிளிப்பை "வேண்டாதது"ல ஒளிச்சு வெச்சேன். சிவப்பா நின்னா சாஃப்ட்வேர் மேல பழி போட்டுடலாம்னு.

அண்ணி: அடப்பாவி! நான் பட்டினி கிடந்தேன்! இரு, சத்தத்தைக் கூட்டறேன்... "அம்மா! ஓடும்மா! விடாதேம்மா!" ஏய்... அழறியா இதுல?

கொழுந்தன்: வேர்வை.

அண்ணி: குரலுக்கு வேர்க்குமா?

கொழுந்தன்: எனக்கு வேர்க்கும். போதும், நிறுத்துங்க.

அண்ணி: இரு, இரு! உன் செருப்புக்கு முன்னாடி வெள்ளையா என்ன அது?

கொழுந்தன்: சுண்ணாம்புக் கோடு. முடியற இடம். நான் அதை ஒட்டியே நின்னுக்கிட்டுதான்... அண்ணி! கால் வருது!

அண்ணி: வருது! தாண்டு... தாண்டு...

கொழுந்தன்: தாண்டிடுச்சு! ரெண்டு காலும்!

அண்ணி: கேட்டியா? "முடிச்சுட்டேன்டா! உன் பெரியம்மாகிட்ட சொல்லு!" அத்தை குரல்டா! இதைவிடச் சாட்சி வேணுமா? இதுதான் கடைசிக் காட்சி!

கொழுந்தன்: அம்மா கால் வேண்டாம்னாங்களே?

அண்ணி: காலை விட்டா வேற என்ன இருக்கு நம்மகிட்ட? பெரிசு பண்ணிப் போட்டுடுவோம். இப்படி... இன்னும் கொஞ்சம்... நிறுத்து.

கொழுந்தன்: என்ன, மறுபடி சிவப்பா?

அண்ணி: இல்ல. ஆரஞ்சு.

கொழுந்தன்: அண்ணி... அந்த லேஸ்...

அண்ணி: பச்சை. அத்தை! கொஞ்சம் உள்ள வர்றீங்களா?

மாமியார்: வந்துட்டேன்மா, முடிஞ்சு... ஐயையோ! காலு!

அண்ணி: கோட்டைத் தாண்டினதுக்கு இது ஒண்ணுதான் அத்தை இருக்கு. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டவா, வேண்டாமா?

மாமியார்: ...போடும்மா. நல்லா பெரிசாவே போடு. அவ பார்த்து முடிச்சதும் நான் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்... அந்த நாய்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்கணும்.