மகள் சொன்ன ஒரு வரி

ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த வயதான அம்மாவின் மடியில் ஆஸ்பத்திரி மருந்துப் பை.

"பேரனுக்குக் காது குத்துனப்ப நான் பக்கத்துக் காம்பரா ரூமுலதான் படுத்துக் கெடந்தேன். மக வந்து வந்து கூப்பிட்டா. எந்திரிச்சுப் போகல," என்றார் அந்த அம்மா.

"மனசுக்கு மாத்திரை குடுத்திருந்தாங்களே அக்கா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"குடுத்தாங்க. கொமட்டுச்சு, தலை சுத்துச்சு. ஒரு வாரத்துல நிப்பாட்டிட்டேன்."

"டாக்டர் ஒன்னும் சொல்லலியா?"

"சிங்களத்துல ரொம்ப நேரம் சொன்னாரு. கூட வந்த மக கேட்டுட்டு, 'ராவைக்கு ஒன்னு போடணுமாம்'னு மட்டும் சொன்னா. மொதல்ல அப்படித்தான் கொமட்டுமாம், கொணம் தெரியப் பல வாரமாகுமாம், நாமளா நிப்பாட்டக் கூடாதாம். இதெல்லாம் டாக்டர் அன்னைக்கே சொன்னதாம்; இன்னைக்குத்தான் தமிழ் தெரிஞ்ச நர்ஸம்மா கேட்டுச் சொன்னாங்க."

"ஒங்க மக ஏன் சொல்லாம விட்டா?"

"கொமட்டும்னு சொன்னா நான் போடமாட்டேன்னு பயந்திருப்பா."

"வீட்டுக்குப் போயி கேளுங்க."

அந்த அம்மா மருந்துப் பையின் வாயை மெதுவாகச் சுருட்டினார்.

"கேக்க மாட்டேன். கேட்டா அவ சோறு தண்ணி இல்லாம கெடப்பா. அப்புறம் இந்த மாத்திரை அவளுக்கும் வேணும்."