கதவு பூட்டி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில் எதையும் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சட்டத்தை மீறி அங்கே குடியேறிய ஒரே பொருள் அப்பாவின் பெட்டி. டிபன் டப்பா அளவு இருக்கும். பக்கவாட்டில் கடுகளவு ஒரு விளக்கு. வீட்டுக்குள் இருக்கும் கதிரியக்கத்தை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி உங்கள் இணைய வரைபடத்துக்கு அனுப்பி வைப்பது அதன் வேலை. அந்த வரைபடத்தைப் பராமரிக்கிறவர் என்ற முறையில் நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. எங்கள் நிலையத்தில் முதலில் ரீடிங்குகள் விடுபட்டன, பிறகு சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக வந்தன, காரணம் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தீர்கள். மரியாதையாகத்தான் கேட்டிருந்தீர்கள். அதனால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். சாஃப்ட்வேரில் கை வைத்தது நான்தான்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. மாலை நடைக்குப் போகிற சாக்கில் அடுத்த வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்து, "போன மாசத்தவிட கூட ஓடியிருக்கே" என்று விசாரிப்பார். அடுத்த வீட்டுக்காரர் மீட்டருக்குத் திரை போட்டார். அதன் பிறகுதான் அப்பா இந்தப் பெட்டியை வாங்கினார். தினமும் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வேலையில் ஒரு முறை உண்டு. வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை தட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் அட்டையில் 'கதவு பூட்டி' என்று எழுதிவிட்டு, முந்தைய மூன்று மாதச் சராசரியைப் போட்டு நகர வேண்டும். மூன்று தடவை தட்டாமல் தான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. சொந்த வீட்டுக் குளியலறையைக்கூட மூன்று தடவை தட்டுவார். உள்ளே இருந்து நான் குரல் கொடுத்த பிறகும் பாக்கித் தட்டுகளை முடிப்பார்.

பெட்டிக்கு சாஃப்ட்வேர் போட்டது நான். என் கடைசி வருட ப்ராஜெக்ட்டும் அதுவே. 'ஒரு வீட்டின் தடையற்ற கதிரியக்கக் கண்காணிப்பு' என்று தலைப்பு. தலைப்பில் எங்கள் பேராசிரியர் அடிக்கோடிட்ட ஒரே சொல் 'தடையற்ற.' அந்த அடிக்கோட்டை நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மதியத்திலிருந்து பிரச்சினை தொடங்கியது. எங்கள் வீட்டில் நிமிடத்துக்கு இருபது துடிப்பு வருவது வழக்கம். அன்று திடீரென்று இரண்டாயிரம். அப்புறம் இருபது. மறுபடி இரண்டாயிரம். ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடும்போது மின்சாரத்தில் ஏற்படும் இரைச்சல் என்று நினைத்தேன். நியாயமான நினைப்புதான், நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். நூற்றுக்கு மேல் எது வந்தாலும் அதைக் கோளாறாகக் கருதித் தள்ளிவிடு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டில் எல்லாம் பதிவாகும். வெளியே போகும்போது மட்டும் உதிர்ந்துவிடும். ரீடிங் விடுபட்ட கதை இதுதான்.

ஆனால் முப்பத்தோரு வருடம் மீட்டர் பார்த்தவருக்கு விடுபட்ட ரீடிங் என்பது சாப்பாட்டில் கல் மாதிரி. அப்பா ஒரு நோட்டுப் போட்டார். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை பெரும்பாலும் ரீடிங் இல்லை, பதினொன்றிலிருந்து மதியம் ஒன்றரை வரை இல்லை, மாலை நாலு மணிக்கு ஒரு இருபது நிமிடம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கதவு பூட்டி.' பிறகு பழுது பார்க்க இறங்கினோம். அடாப்டரை மாற்றினோம். வயரை மாற்றினோம். வைஃபை பெட்டியை நகர்த்தியதில் என் அறையில் சிக்னல் போனது, அதை யாரும் பிரச்சினையாகக் கருதவில்லை. கடைசியில் அப்பாவும் ஃப்ரிட்ஜின் மேல் சந்தேகப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை அணைத்துப் போட்டார்.

அம்மா உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தபடி சொன்னாள்: "ஊர்ல இருக்கற மீட்டர் எல்லாத்தையும் பார்த்து முடிச்சாச்சு. இப்ப நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்தான் திருடனா?"

"விசாரணைதானே. குத்தவாளின்னு சொல்லலையே" என்றார் அப்பா.

ஃப்ரிட்ஜ் நிரபராதி என்று தெரிந்தது. அது அணைந்து கிடந்த நாளிலும் ரீடிங் விடுபட்டது. அப்பா கடையில் வேறு வயர் வாங்கப் போனார். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்புக்கு ஒருமுறை அது கண் சிமிட்டும். நான் பக்கத்தில் போனால் சாதாரணமாகச் சிமிட்டியது. அம்மா தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க வந்தாள். விளக்கு சிமிட்டவில்லை. துடிப்புகளுக்கு நடுவே மூட நேரமில்லாமல், திறந்த கண் திறந்தபடியே இருந்தது. அம்மா போனதும் மறுபடி பழையபடி சிமிட்டியது.

அம்மா ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சமையலறையில் நிற்கிறாள் என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. அப்பாவின் நோட்டு எண்ணியிருந்தது.

அன்று மாலையே விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினேன். அப்பாவிடம், கரண்ட் மிச்சமாகும் என்றேன்.

கார்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் இரண்டாயிரம், ஒரு வாரம் கழித்து அதில் பாதிகூட இல்லை. இப்படிக் குறைகிற பொருள் எது, அது ஒரு ஆளுக்குள் எப்படி வரும் என்று இணையத்தில் தேடினேன். தைராய்டு சுரப்பி தறிகெட்டு ஓடினால் அதை அடக்கக் கதிரியக்க அயோடின் விழுங்கக் கொடுப்பார்கள் என்று இருந்தது. கூடவே நோயாளிக்கு ஒரு பட்டியல். தனித் தட்டு, தனி டம்ளர். தனி அறையில் தூக்கம். சின்னக் குழந்தைகளைச் சில வாரம் தூக்கக் கூடாது. ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஏனென்றால் அடங்கிய சுரப்பி ஒரேயடியாக நின்றுபோகலாம். நின்றால் குளிரும், முகம் வீங்கும், பேச்சும் நடையும் மெதுவாகும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து.

யாரோ எங்கள் வீட்டை வேவு பார்த்து எழுதியது போல இருந்தது. அந்த வியாழக்கிழமை அம்மா தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, புதுத் தட்டும் டம்ளருமாகத் திரும்பியிருந்தாள். அப்பாவின் குறட்டை தாங்கவில்லை என்று சாமான் அறையில் படுத்தாள். குறட்டைக்கு இருபத்தாறு வயது. திடீரென்று எப்படித் தாங்காமல் போனது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் மறைத்தாள் என்பதை ஊகிக்கலாம். அப்பா ஒரு தும்மலுக்கே கோடு போட்டு வரைபடம் வரைகிறவர். மனைவியே வீட்டின் கதிரியக்கம் என்று தெரிந்தால் அவளை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றி உட்கார வைத்திருப்பார். அது அம்மாவின் ரகசியம். அடுத்தவர் ரகசியத்தில் மூக்கை நுழைப்பது நாகரிகமில்லை. எனவே நான் நுழைக்கவில்லை. செய்ததெல்லாம், விடுபட்ட இடங்களில் சராசரியைப் போடும்படி இன்னொரு வரி எழுதியது. அப்பாவின் முறைதான், நானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவின் அளவு குறையக் குறைய தள்ளும் வரம்பான நூற்றை ஐம்பதாக்கினேன், ஐம்பதை முப்பதாக்கினேன். கோடு அழகாக, ஒரே மட்டமாக ஓடியது. அப்பா வயர் மாற்றியதால்தான் சரியானது என்று நம்பி, பழைய வயரை எனக்கே காட்டித் திட்டினார்.

அந்த வாரம் அம்மா துணி மடித்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"ஏன்டா, அந்தப் பெட்டி மனுஷங்களையும் பாக்குமா?"

"பாக்காதும்மா. காத்த மட்டும்தான் பாக்கும்."

"அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா தன் ஒரு வயதுக் குழந்தையோடு வந்தாள். குழந்தை பாட்டியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அம்மா, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வாசலோடு நின்றுகொண்டாள். அடுத்த வாரமும் சளி. அக்கா என் அறைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு என் பிள்ளைய தொடவே பிடிக்கலடா" என்றாள். அம்மாவுக்கு வயதாகிறது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு ஓரளவு கைராசி உண்டு. அக்கா அதன் பிறகு இரண்டு மாதம் வரவில்லை.

ஆறாவது வாரம் அம்மா என் அறை வாசலுக்கு வந்தாள்.

"செவ்வாய்க்கிழமை காலைல சும்மாதான இருப்ப? ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்கம்மா?"

"கூட வந்தா சொல்றேன். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு."

எனக்கு ப்ராஜெக்ட் வைவா, வாய்மொழித் தேர்வு, இருந்தது. அதைச் சொன்னேன். "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கார்டில் பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு ரீடிங் இருக்கிறது. முப்பத்தாறு. பரிசோதனைக்குப் போகாமல் அம்மா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்ற நேரம் அது. உங்களுக்கு அது இருபது என்று வந்திருக்கும்.

வைவா வெள்ளிக்கிழமை. இதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

அதில் முழு மதிப்பெண் கிடைத்தது. முதலில் விடுபட்டவற்றையும் அறிக்கையில் சராசரியால் நிரப்பியிருந்தேன்; அறுபது நாளில் ஒரு நிமிடம்கூட விடுபடவில்லை என்று தேர்வாளர் வியந்தார். இந்த ஒழுங்குக்கு வீட்டார் ஒத்துழைப்பு வேண்டுமே என்றார். அம்மாவின் பங்கு பெரியது என்று சொன்னேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் அம்மாவுக்கு நன்றியும் இருக்கிறது.

அதன் பிறகு அம்மா மெதுவானாள். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். முகம் கொஞ்சம் உப்பியது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'அம்மா இப்போது பழைய சிம் கார்டில் இயங்குகிறாள்' என்று குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினாள், அரை மணி நேரம் கழித்து.

பதிமூன்றாவது வாரம், அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருக்க, அவள் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப முடியவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இவர்கள் தைராய்டுக்கு ஏதாவது சிகிச்சை, கதிரியக்க அயோடின் மாதிரி, எடுத்தார்களா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லும் நிலையில் இல்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்படி எதுவும் இருந்தா இதுல வந்திருக்கும் டாக்டர். நாலு மாசமா பாக்கறோம். எங்க வீட்ல ஒரு நிமிஷம்கூட தப்பாது."

டாக்டர் போனை வாங்கி, மட்டமாக ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்தார். மேலும் கீழும் விரலால் தள்ளிப் பார்த்தார். அப்பாவுக்கு அவ்வளவு பெருமையான முகம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு இதயத்தையும் மூளையையும் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் பார்த்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, உண்மையைச் சொன்னது. அந்த இரண்டு நாளில் அம்மா ஒரு தடவை மூச்சு விட மறந்தாள். இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். தேறி வருகிறாள். சாமான் அறையில் துணிகளுக்கு அடியில் இருந்து அக்கா சிகிச்சைச் சீட்டைக் கண்டெடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெட்டி எப்படிடா பாக்காம விட்டுது?"

"கோளாறா இருக்கும்பா" என்றேன். அவர் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

நேற்று அம்மா கொஞ்சம் பேசினாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. பெட்டி ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுது, ஒரு ரீடிங்கும் விடல என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். மூன்று தடவை.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில் இது. கருவியில் கோளாறு இல்லை, வயரில் இல்லை, ஃப்ரிட்ஜ் அன்றே விடுதலையாகிவிட்டது. முதல் ஒன்றரை வாரம் தெரியாமல் தள்ளினேன். மீதி எல்லாம் தெரிந்து செய்தேன். கார்டில் இருப்பதை முழுதாக இத்துடன் அனுப்புகிறேன், வரைபடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் படிவத்தில் காரணத்துக்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருக்கிறது. அதில் 'கதவு பூட்டி' என்று போட்டுக்கொள்ளலாம். அம்மா எதையும் வெளியே சொல்லாத சுபாவம், நான் என்ன செய்ய முடியும்.