நான்கு நீலக் கொடிகள்

— அந்தப் பாயை அப்புறம் சுருட்டலாம் வசுதாம்மா. சித்த இப்படி உக்காருங்க. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

— எதைக் கேட்டேள் மாஸ்டர்? காலம்பற ஏழு மணிலேர்ந்து நிக்கறேன். கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கு.

— பொண்ணுங்க கராத்தே ஃபைனலைத்தானுங்க கேட்டேன். சோனியா விட்ட கடைசி உதை, அபூர்வா ஹெல்மெட்ல பட்டுச்சா இல்லியா?

— ஆய்த்து, விடுங்கோ. நீங்க அபூர்வா பக்கம் கை தூக்கினேள், நாங்க நாலு பேரும் நீலக் கொடி தூக்கினோம். கோப்பையும் குடுத்தாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு.

— அது நடந்தது. நான் கேக்கறது நீங்க பாத்தது.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— குப்புசாமி வந்தாருங்க.

— சோனியாவோட அப்பாவா? குண்டலுபேட்டையிலேர்ந்து வருவாரே, அவரா? சண்டை போட்டாரா?

— போட்டிருந்தாத் தேவலையே. குழாய்கிட்ட மூஞ்சி கழுவிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை பேசாம போனை நீட்டுனாரு. அவரே எடுத்த வீடியோ. புள்ள காலு பளீர்னு படுதுங்க. எனக்கு அந்நேரம் அபூர்வா முதுகு மறைச்சிருச்சு. சத்தம் மட்டும் கேட்டுச்சு. அபூர்வாதான் அடிச்சாளாக்கும்னு நெனச்சுட்டேன்.

— அம்பது வயசுக்கு மேல ஒரே நாள்ல நாப்பது மேட்ச் ரெஃப்ரியா நின்னா யாருக்கும்தான் ஒண்ணு தப்பும்.

— என் கண்ணு தப்பும்னுதானே நாலு மூலையில நாலு பேரை உக்கார வெக்கறோம்? விசில் அடிச்சா அஞ்சு பேரும் ஒரே நேரத்துல தூக்கணும். வீடியோவுல பாத்தேன். என் கைதான் மொதல்ல போகுது. கண்ணு சிமிட்டுற நேரம் கழிச்சு நாலு கொடியும் கெளம்புது. நீங்க யாரும் அந்தப் புள்ளைங்களைப் பாக்கலீங்க. என்னைப் பாத்துட்டு இருக்கீங்க.

— தண்ணி குடிக்கறேளா மாஸ்டர்?

— வேண்டாங்க. இதுல கூத்து என்னன்னா, எனக்கே அப்பச் சந்தேகம்தான். நாலும் நீலம்னு பாத்ததும், பரவால்ல, நம்ம கண்ணு சரிதான்னு தெம்பாயிட்டேன். நீங்க என்னைப் பாத்தீங்க, நான் உங்களைப் பாத்தேன். அந்தப் புள்ளைய ஒருத்தருமே பாக்கல.

— நான் பாத்தேன்.

— என்னங்க?

— சிவப்புன்னுதான், சோனியான்னுதான் பாத்தேன். சிவப்புக் கொடியை இறுக்கிப் பிடிச்சுண்டு இருந்தேன். உங்க கை அந்தப் பக்கம் போனதும் என் கை தானா மாறிடுத்து. அபூர்வா எங்க அக்ரஹாரம் கிளாஸ் பொண்ணு. சொந்தக் கிளாஸ்னு தூக்கிட்டாள்னு நாளைக்கு ஊர் பேசும். அப்படி இருந்தாக்கூடத் தேவலையே மாஸ்டர், அதுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

— பெங்களூருல மாநிலச் சங்க ஆபீசுக்கு போன் போட்டேன். ரெஃப்ரி தன் தீர்ப்பைத் தானே மாத்த முடியாதாம். வீடியோ ஒண்ணு, நாலு கார்னர் ஜட்ஜ்ல ஒருத்தர் கையெழுத்து ஒண்ணு. ரெண்டும் வேணும், அஞ்சு மணிக்குள்ள வேணும். அதுக்குமேல மாநில டீம் லிஸ்ட்ல கை வெக்க மாட்டாங்களாம்.

— அடுத்த வருஷம் பாத்துக்கலாமே. சின்னப் பொண்ணுதானே?

— வர்ற மாசத்தோட பதினெட்டு முடியுதுங்க. இந்தப் பிரிவுல அவளுக்கு அடுத்த வருஷமே கெடையாது. மாநில டீம்ல பேரு வந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ். இல்லாட்டி தை மாசம் கல்யாணம்னு ஊட்டுல பேசி வெச்சிருக்காங்க.

— மத்த மூணு பேரைக் கேட்டேளா?

— கேக்காம இருப்பனா? பசவராஜு, "உங்க கண்ணை விட என் கண்ணு பெருசா மாஸ்டர்"னு கால்ல விழுகறான். ஹ்ருஷிகேஷ் நீலம்தான் பாத்தேன்னு சத்தியம் பண்றான். பொய்யில்லீங்க, அவனுக்கு நெசமாவே இப்ப அப்படித்தான் ஞாபகம் இருக்குது. இன்னொருத்தன் போனையே எடுக்கல.

— பேடா மாஸ்டர், வேண்டாம். எழுத்துல குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சேளா? நம்ம சங்கத்துல பதினாலு கிளாஸ். உள்ளுக்குள்ள எத்தனை கோஷ்டி, எத்தனை பொறாமை! இருபத்திரண்டு வருஷமா ஒடையாம நிக்கறதுன்னா உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லைங்கறதாலதான்.

— அதைத்தான் விழா மலர்லயும் எழுதியிருக்கீங்க. "இவரை மறுத்துப் பேசியவர் மைசூரில் எவரும் இல்லை." காலையில படிச்சப்ப குளுகுளுன்னு இருந்துச்சு. இப்பப் படிச்சா பயமா இருக்குது. ஊட்டுல சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட எம்பொண்டாட்டி தீபா எகிறிக்கிட்டு வருவா. இங்க எகிற ஒரு ஆளு இல்ல.

— யார் அப்படிப் பழக்கினது?

— நான்தானுங்க.

— பச்சை பெல்ட் கட்டிண்டிருந்தப்போ ஒரே ஒரு தரம் "ஏன் மாஸ்டர்?"னு கேட்டேன். நூறு தண்டால் எடுக்கச் சொன்னேள். அதோட சரி.

— எனக்கு அது ஞாபகமே இல்லீங்களே.

— எடுத்தவளுக்குத்தானே ஞாபகம் இருக்கும். கோபமெல்லாம் இல்லை. நானும் என் கிளாஸ்ல அதையேதான் பண்றேன். பசங்க வரிசையா, அமைதியா நிக்கறா. பாக்க நன்னாத்தான் இருக்கு.

— சலிச்சுப்போச்சு வசுதாம்மா. உடம்பு அலுப்புன்னா தூங்கினாப் போயிரும். யாராச்சும் ஒருத்தன் எந்திரிச்சு, "போய்யா, நீ சொல்றது தப்பு"ன்னு சொல்ல மாட்டானான்னு ஏங்கிக் கெடக்கறேன்.

— பேப்பர் இருக்கா?

— எதுக்குங்க?

— மூணாவது மூலை ஜட்ஜ் வசுதா, சிவப்புன்னு பாத்துட்டு நீலம் தூக்கினேன்னு எழுதித் தரேன். நாளைக்கு அபூர்வா அம்மா வாசல்ல வந்து நிப்பா, கேக்கக்கூடாததெல்லாம் கேப்பா. கேக்கட்டும். நீங்க கை தூக்கினது தப்பு மாஸ்டர். போதுமா? சொல்லிட்டேன்.

— நெஞ்சு லேசாச்சுங்க. இந்தாங்க பேனா.

— வீடியோ எங்க?

— வாட்ஸாப்புல அனுப்பறேன்னு தலையாட்டிட்டுத்தான் பஸ் ஏறுனாரு. இன்னும் வரல. நஞ்சன்கூடு தாண்டியிருப்பாங்க.

— மணி நாலே முக்கால். கூப்பிடுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ.

— ஹலோ, குப்புசாமிங்களா?

— அப்பா இல்லீங் மாஸ்டர், நான் சோனியா. அப்பா எம்மேல கோவமா அந்தச் சீட்ல போயி உக்காந்திருக்காரு.

— அந்த வீடியோவை உடனே அனுப்பு கண்ணு. அவசரம்.

— அது இல்லீங் மாஸ்டர்.

— இல்லைன்னா?

— அழிச்சுப் போட்டனுங். அப்பா பஸ்ல எல்லாத்துக்கும் காட்டிட்டு வந்தாரு. "அந்த மாஸ்டர் எம்புள்ளைய ஏமாத்திட்டான்"னு கண்டக்டர்கிட்டக்கூடச் சொல்றாருங். எனக்குத் தாங்கல. போனைப் புடுங்கி அழிச்சுட்டேன். அழிச்சதெல்லாம் போயி விழுமே, அங்கயும் தேடி அழிச்சுட்டேன்.

— அய்யோ பொண்ணே! நான் வசுதா மேடம் பேசறேன். அப்பா அதை வேற யாருக்காவது அனுப்பினாரா?

— இல்லீங் மேடம். யாருக்கும் போகல, பயப்படாதீங்க.

— சோனியா, நல்லாக் கேளு சாமி. நீதான் ஜெயிச்சே. தப்பு என்னோடது.

— நான் அழுவேன்னு சமாதானத்துக்குச் சொல்றீங் மாஸ்டர். நான் அழுவலீங்.

— சமாதானம் இல்ல கண்ணு. நீயே சொல்லு. உன் காலு அவ மேல பட்டுச்சா, இல்லியா?

— பட்டாப்பலதான் இருந்துச்சுங். பாதம்கூட வீங்கியிருக்குது.

— பொறவென்ன?

— ஆனா பட்டிருந்தா நீங்க எனக்குத்தானே கை தூக்கியிருப்பீங்க, மாஸ்டர்?